ஒரு நீராவிப் பீரங்கிப் படகின் போர்க்கால வரலாற்றை நீங்களே தொகுப்பது எப்படி

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65, வட மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் நடந்தது) ஓடிய ஏதாவது ஒரு பீரங்கிப் படகின் பெயரைத் தேடிப் பாருங்கள். அரைப் பக்கக் குறிப்பு ஒன்று கிடைக்கும். இந்த வருடம் கட்டினார்கள், இந்தந்தச் சண்டைகளில் இருந்தது, இந்தத் தேதியில் விற்றார்கள், அவ்வளவுதான். சண்டைக்கும் சண்டைக்கும் நடுவே மாதக்கணக்கில் அந்தக் கப்பல் எங்கே நின்றது, யாருக்குக் காவலாகப் போனது, நிலக்கரியை எங்கே ஏற்றியது, எத்தனை பேர் காய்ச்சலில் படுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. ஆனால் இதற்கான காகிதங்கள் இன்னும் இருக்கின்றன, நிறைய ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்திலேயே இலவசமாகக் கிடக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் தேடுவது, எதை நம்புவது, எதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

உதாரணத்துக்கு ஒரே கப்பலை வைத்துக்கொள்வோம்: டைலர். 1857இல் சின்சினாட்டியில் கட்டிய சாதாரண ஆற்று நீராவிக் கப்பல், இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம். 1861 ஜூனில் வட தரப்புக் கடற்படையின் கமாண்டர் ஜான் ராட்ஜர்ஸ் இதையும், லெக்சிங்டன், கொனஸ்டோகா என்ற இன்னும் இரண்டு கப்பல்களையும் போருக்காக வாங்கினார். இரும்புக் கவசம் எதுவும் கிடையாது. கொதிகலன்களையும் நீராவிக் குழாய்களையும் கீழ்த்தளத்துக்கு இறக்கி, சுற்றிலும் 5 அங்குல ஓக் பலகை அடித்து, பீரங்கிகளை ஏற்றினார்கள். ஓஹியோ ஆற்றில் தண்ணீர் வற்றிப் போனதால் லூயிவில் பக்கம் கொஞ்ச நாள் மாட்டிக்கொண்டு, ஆகஸ்ட் 12 அன்றுதான் மூன்றும் இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ துறைக்கு வந்து சேர்ந்தன. போர் முடிந்ததும் 1865 ஆகஸ்ட் 17இல் மவுண்ட் சிட்டியில் டைலரை விற்றுவிட்டார்கள். நடுவில் பெல்மான்ட், ஃபோர்ட் ஹென்றி, ஷைலோ, யாசூ ஆறு, ஹெலினா. இவ்வளவு செய்தும், மானிட்டர் என்ற புகழ்பெற்ற கவசக் கப்பல் அளவுக்கு யாரும் பேசாத கப்பல் இது. பழகிக்கொள்ள இப்படிப்பட்ட கப்பல்தான் சரி, ஏனென்றால் புகழ்பெற்ற கப்பல் என்றால் நூறு பேர் எழுதியதை நீங்களும் திருப்பி எழுதுவதில்தான் போய் முடியும்.

முதலில் நாட்காட்டி, அப்புறம்தான் கதை

கட்டுரையாக எழுத ஆரம்பிக்காதீர்கள். ஒரு அட்டவணை போடுங்கள், நாளுக்கு ஒரு வரி. டைலரை வாங்கிய நாளிலிருந்து விற்ற நாள் வரை 1,500 வரிக்கு மேல் வரும். பயப்பட வேண்டாம், பாதிக்கு மேல் முதலில் காலியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் தேதி, இடம், என்ன நடந்தது, எந்தக் காகிதம் அதைச் சொல்கிறது, அதை எழுதியது யார், எப்போது எழுதினார் என்று ஆறு கட்டங்கள் வையுங்கள். கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், அதுதான் பின்னால் உயிரைக் காப்பாற்றும். அன்றைக்கு இரவே எழுதிய வரியும், இருபது வருடம் கழித்து ஓய்வுபெற்ற அதிகாரி பத்திரிகைக்கு எழுதிய நினைவும் ஒரே எடை இல்லை. இரண்டும் முரண்படும்போது எது எப்போது எழுதியது என்று தேடிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க முடியாது.

அட்டவணையில் முதலில் நிரப்ப வேண்டியது சண்டைகள் அல்ல, கேப்டன்கள். அந்தக் காலத்து அறிக்கைகள் கப்பல் பெயரில் இல்லாமல் கமாண்டர் பெயரில்தான் பெரும்பாலும் அடுக்கப்பட்டிருக்கும். டைலருக்கு 1861 இலையுதிர்காலத்தில் ஹென்றி வாக், 1862இல் ஷைலோவிலும் யாசூவிலும் வில்லியம் க்வின், 1863இல் ஹெலினாவில் ஜேம்ஸ் பிரிட்செட், 1864 கோடையில் வெள்ளை ஆற்றில் ஜார்ஜ் பேச். இது இல்லாமல் தேடினால் என்ன ஆகும் என்றால், 1862 டிசம்பரில் க்வின் பெயரில் வரும் கடிதங்களை எல்லாம் டைலரின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். அப்போது அவர் பென்டன் என்ற கவசக் கப்பலின் கமாண்டர். டிசம்பர் 27 அன்று ஹெய்ன்ஸ் பிளஃப் எதிரே அதன் தளத்தில்தான் காயப்பட்டார், ஜனவரி தொடக்கத்தில் இறந்துபோனார்.

கேப்டன்களுக்கு மேலே படைத்தொகுதித் தலைவர்களையும் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்: ராட்ஜர்ஸ், அப்புறம் 1861 செப்டம்பரிலிருந்து ஆண்ட்ரூ ஃபுட், 1862 மே மாதத்திலிருந்து சார்ல்ஸ் டேவிஸ், அக்டோபரிலிருந்து டேவிட் போர்ட்டர், 1864 கடைசியில் சாமுவேல் லீ. ஒரு கடிதத்தில் தேதி கிழிந்திருந்தாலோ மங்கியிருந்தாலோ அது யாருக்கு எழுதப்பட்டது என்பதை வைத்தே எந்தத் தலைவரின் காலத்தது என்ற இடைவெளிக்குள் அதைக் கொண்டுவந்துவிடலாம்.

யாருடைய கப்பல் இது?

இந்தக் கேள்வியை எந்தக் கப்பலுக்கும் முதலிலேயே கேளுங்கள், ஏனென்றால் காகிதம் எங்கே போனது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. மேற்கு ஆறுகளின் பீரங்கிப் படகுகள் 1862 அக்டோபர் 1 வரை கடற்படையுடையவை அல்ல, தரைப்படையுடையவை. அதிகாரிகள் கடற்படைக்காரர்கள், பணமும் கட்டளையும் போர்த்துறையுடையது. ராட்ஜர்ஸ் கப்பல்களை வாங்கியபோது கடற்படைச் செயலாளர் கிடியன் வெல்ஸ் அவரைக் கண்டித்ததே இதற்குத்தான், தரைப்படை வேலைக்குத் தரைப்படைதான் பணம் கொடுக்க வேண்டும் என்று. ஆகவே கொள்முதல், பழுதுபார்ப்பு, நிலக்கரி ரசீது எல்லாம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலின் (தரைப்படையின் தளவாடத் தலைவர்) தொகுப்பில், அதாவது ரெக்கார்டு குரூப் 92இல் தேட வேண்டியவை. கடற்படைத் தொகுப்புகளை மட்டும் புரட்டினால் டைலரின் முதல் பதினைந்து மாதங்களில் பெரும்பகுதி உங்கள் கண்ணிலேயே படாது.

இதைவிடச் சிக்கல், எல்லெட் குடும்பத்தினரின் மோதுகப்பல் படை (எதிரிக் கப்பலை முட்டி மூழ்கடிக்கும் கப்பல்கள்). அதே ஆற்றில், அதே சண்டையில், ஆனால் கடற்படைத் தலைவருக்குக் கட்டுப்படாமல் போர்த்துறைக்கு நேரடியாகப் பதில் சொன்னார்கள். டைலரோடு யாசூவுக்குப் போன குவீன் ஆஃப் த வெஸ்ட் அந்தப் படையைச் சேர்ந்தது. ஒரே காலைச் சண்டைக்கு மூன்று இடத்தில் காகிதம்.

அச்சுத் தொகுப்பைப் படிக்கும் விதம்

அமெரிக்க அரசு 1894க்கும் 1922க்கும் இடையில் இரு தரப்புக் கடற்படை ஆவணங்களையும் அச்சிட்டு வெளியிட்டது: முதல் வரிசையில் 27 தொகுதிகள், இரண்டாம் வரிசையில் 3. முழுவதும் இணையத்தில் இலவசம். மேற்கு ஆறுகள் முதல் வரிசையின் 22ஆம் தொகுதியில் தொடங்கி 27இல் முடிகின்றன. 22ஆம் தொகுதி 1862 ஏப்ரல் 11 வரை, 23 அந்த ஆண்டுக் கடைசி வரை, 24 மறு ஆண்டு மே நடுப்பகுதி வரை, 25 1864 பிப்ரவரி வரை, 26 அந்த ஆண்டு முடிய, 27 போர் முடிந்து கப்பல்களைக் கலைத்த காலம். இரண்டாம் வரிசையின் முதல் தொகுதியில் ஒவ்வொரு கப்பலின் அளவு, பீரங்கிகள் மாறிய தேதிகள் என்று அட்டவணைகள் உண்டு. முதலில் அதை எடுத்து உங்கள் கப்பலின் பீரங்கி மாற்றங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு சண்டையில் எந்த வகைக் குண்டு வீசினார்கள் என்ற கேள்வி பின்னால் கட்டாயம் வரும்.

பின்னட்டவணையில் கப்பல் பெயரைப் பார்த்து அந்தப் பக்கங்களை மட்டும் படிப்பது எல்லோரும் செய்வது. அது போதாது. உங்கள் கப்பல் இருந்த பகுதியின் காகிதங்களைத் தேதி வரிசையில், பெயர் வந்தாலும் வராவிட்டாலும், நாவல் மாதிரி படித்துக்கொண்டே போங்கள். தலைவர் வாஷிங்டனுக்கு எழுதும் வாராந்தரக் கடிதத்தில் எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கலாம், இன்னொரு கப்பலின் கேப்டன் போகிற போக்கில் "நேற்று டைலர் எங்களைத் தாண்டி மேலே போனது" என்கிற மாதிரி ஒரு வரி எழுதியிருக்கலாம். உங்கள் காலி வரிகளை நிரப்புபவை இவைதான்.

தரைப்படைக்குத் தனித் தொகுப்பு, 1880 முதல் 1901 வரை 128 புத்தகங்கள். இதையும் விடக்கூடாது. ஷைலோவுக்கு முதல் வரிசையின் 10ஆம் தொகுதி. அதில் தெற்குத் தரப்புப் படைத்தலைவர்களின் அறிக்கைகளைப் படிக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு: நம் கப்பல் வீசிய குண்டு எங்கே விழுந்தது என்பது நம் கேப்டனுக்குத் தெரியாது. செங்குத்தான கரைக்கு அப்பால், மரக்கூட்டத்துக்குள் என்ன நடந்தது என்று அவர் சொல்வதெல்லாம் ஊகம். அடிபட்டவர்தான் சொல்ல முடியும்.

தென் தரப்புக் கடற்படைக் காகிதங்களில் ஒரு பெரும்பகுதி 1865 ஏப்ரலில் தங்கள் தலைநகரான ரிச்மண்டைக் கைவிட்டபோது அழிந்தது. அதனால் அந்தப் பக்கம் மெலிந்துதான் இருக்கும். அச்சில் இருப்பதை மறுபக்கத்தின் முழுக்கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெயரால் ஏமாறாமல் இருக்க

டைலர் என்று தேடினால் டெக்சாஸில் ஒரு ஊர், இரு தரப்பிலும் ஜெனரல்கள், முன்னாள் ஜனாதிபதி ஒருவர் எல்லோரும் வருவார்கள். கப்பல் சில சமயம் வராது. அதன் பழைய பெயர் ஏ. ஓ. டைலர். போர்க்காலக் கடிதங்களில் சிலர் அதை டெய்லர் என்று எழுதினார்கள், ஆகவே இரண்டு பெயரிலும் தேட வேண்டும். யு.எஸ்.எஸ். என்ற முன்னொட்டையும் சேர்த்துத் தேடாதீர்கள். அது முறைப்படி வந்தது 1907இல்தான். இந்தக் காகிதங்களில் பொதுவாகக் கப்பலை யு.எஸ். கன்போட் என்றோ யு.எஸ். ஸ்டீமர் என்றோதான் குறிப்பிடுவார்கள்.

ஊர்ப் பெயர் வைத்த கப்பல்கள் இன்னும் மோசம். ஜேம்ஸ் ஈட்ஸ் கட்டிய ஏழு கவசப் படகுகளின் பெயர்கள்: கெய்ரோ, மவுண்ட் சிட்டி, செயின்ட் லூயிஸ், சின்சினாட்டி, லூயிவில், பிட்ஸ்பர்க், காரொண்டலெட். ஏழும் ஆற்றங்கரை ஊர்கள். "கெய்ரோவிலிருந்து" என்று தொடங்கும் கடிதம் கப்பலிலிருந்து வந்ததா ஊரிலிருந்து வந்ததா என்பதை அடியில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். இதில் செயின்ட் லூயிஸ் என்ற பெயரில் கடற்படையில் ஏற்கெனவே ஒரு பாய்மரக் கப்பல் இருந்ததால், கடற்படைக்கு மாறியபோது படகின் பெயரை பாரன் டி கால்ப் என்று மாற்றிவிட்டார்கள். தெரியாதவர்களுக்கு ஒரு கப்பல் காணாமல் போனதும் வேறொன்று எங்கிருந்தோ முளைத்ததும் போலத்தான் இருக்கும். டென்னசி ஆற்றில் ஈஸ்ட்போர்ட் என்று ஒரு ஊர் உண்டு. அதே ஆற்றில், 1862 பிப்ரவரியில், செரோ கோர்டோ என்ற இடத்தில் நம் மூன்று மரப் படகுகளின் தொகுதி பிடித்த கப்பலின் பெயரும் ஈஸ்ட்போர்ட். ஊரை எதிர்த்துச் சுட்டதையும் கப்பலைப் பிடித்ததையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

அந்தப் பிப்ரவரிப் பயணத்தில் இன்னொரு சின்ன விஷயம். ஃபோர்ட் ஹென்றி விழுந்த கையோடு லெப்டினன்ட் ஃபெல்ப்ஸ் மூன்று படகுகளையும் ஆற்றில் மேலே ஓட்டினார். ரயில் பாலத்தில் வேலை இருந்தது, மூன்றிலும் மெதுவானது டைலர், ஆகவே அதை அங்கே விட்டுவிட்டு மற்ற இரண்டும் எதிரிக் கப்பல்களைத் துரத்திப் போயின. டைலரும் கூடவே போய்ப் பிடித்தது என்று மொத்தமாக எழுதிவிடுவது எளிது. அறிக்கையைப் படித்தால் அப்படி எழுத மாட்டீர்கள்.

லாக் புத்தகம்

கப்பலின் தளப் பதிவேடுகள் ரெக்கார்டு குரூப் 24இல் இருக்கின்றன. காப்பகத்தின் இணையப் பட்டியலில் நிறைய ஸ்கேன் ஆகி வந்துவிட்டன, ஆனால் எல்லாக் கப்பலுக்கும் எல்லா மாதமும் கிடைக்காது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் திட்டம் போடுங்கள்.

நாள் நள்ளிரவில் தொடங்கும். நான்கு நான்கு மணி நேரக் காவல் முறைகளாகப் பிரித்திருப்பார்கள், மாலை 4 முதல் 8 வரை மட்டும் இரண்டிரண்டு மணியாக உடைத்திருக்கும். ஒவ்வொரு முறைக்கும் பொறுப்பான அதிகாரி இரண்டு மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். காற்று, வானிலை எல்லாம் ஒற்றை எழுத்துக் குறிகளாக இருக்கும். கையெழுத்து முதலில் கண்ணைக் கட்டும். ஒரே ஒரு அதிகாரியின் கையெழுத்தை எடுத்து, அவர் தினமும் எழுதும் வழக்கமான வரியை, நங்கூரம், நிலக்கரி, தளம் கழுவியது மாதிரியானதை, முதலில் பழகிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் அவர் வழக்கத்துக்கு மாறாக எழுதுகிற வரி தானாகவே துருத்திக்கொண்டு தெரியும்.

நிலக்கரி வரிகளைத் தவிர்க்காதீர்கள். மேற்கு ஆறுகளில் அதை டன்னில் அல்ல, புஷல் என்ற கொள்ளளவுக் கணக்கில் ஏற்றினார்கள். எத்தனை புஷல், எந்தப் படகிலிருந்து, எங்கே என்று எழுதி வைத்தால், அடுத்த சில நாட்களில் கப்பல் ஓடியதா, நெருப்பை அடக்கிவைத்துச் சும்மா நின்றதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். வேகத்தையும் கணக்கில் சேருங்கள். டைலரின் வேகம் 8 நாட், அதாவது மணிக்கு 9 மைல் சொச்சம். மிசிசிப்பியின் நீரோட்டம் 4, 5 மைல் வைத்தால் எதிர்த்துப் போகும்போது மிஞ்சுவது மணிக்கு அதே 4, 5 மைல்தான். மெம்ஃபிஸிலிருந்து கெய்ரோ இருநூறு மைலுக்கு மேல். இன்றைக்குக் காலையில் மெம்ஃபிஸில் இருந்த கப்பல் நாளைக்குக் காலையில் கெய்ரோவில் இருந்ததாக இரண்டு காகிதம் சொன்னால், இரண்டில் ஒன்று தப்பு.

மணிக்கணக்கில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் ரயில்வே பொது நேரம் 1883இல்தான் வந்தது. ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு படைப்பிரிவும் தன் தன் கடிகாரம். அரை மணி வித்தியாசத்தை முரண்பாடு என்று நினைக்காதீர்கள். நிகழ்ச்சிகளின் வரிசை ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டு சண்டைகள், இரண்டு விதமான வேலை

ஷைலோ, 1862 ஏப்ரல் 6. க்வினின் அறிக்கை மணி மணியாக இருக்கும். உத்தரவு எதுவும் வராமல் காத்திருந்து, ஜெனரல் ஹர்ல்பட்டிடம் ஆள் அனுப்பிக் கேட்டு, பிற்பகல் 2.50க்கு முதல் குண்டு. பிறகு அங்கிருந்த வட தரப்புப் படையின் தலைவர் கிராண்டிடம் கேட்டால், உன் யோசனைப்படி செய் என்று பதில். 5.35க்கு லெக்சிங்டனோடு சேர்ந்து மறுபடி. இரவு 9 மணிக்கு ஜெனரல் நெல்சன் கேட்டுக்கொண்டபடி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சுட ஆரம்பித்து, 1 மணிக்கு லெக்சிங்டனிடம் ஒப்படைத்தார்கள். அது பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, விடிகாலை 5 வரை. இதை அப்படியே நகலெடுப்பதோடு நிறுத்தாமல் கணக்குப் போடுங்கள்: ஒவ்வொரு தடவையும் ஒரு குண்டு என்றால் நான்கு மணி நேரத்தில் டைலர் வீசியது ஏறத்தாழ 24. பகல் முழுக்கச் சுட்டதோடு ஒப்பிட்டால் அது கொஞ்சம்தான். ஆனால் எதிர்த்தரப்பு அறிக்கைகளில் அந்த இரவுக் குண்டுகளைப் பற்றிய பேச்சு நிறைய. தூக்கத்தைக் கெடுத்ததும், படைப்பிரிவுகளை ஆற்றங்கரையிலிருந்து பின்னுக்குத் தள்ளியதும்தான் உண்மையான பலன் என்று நான் நினைக்கிறேன், எத்தனை பேர் செத்தார்கள் என்பதைவிட. இந்த மாதிரித் தீர்ப்புகளை எழுதலாம், தாராளமாக எழுதுங்கள், ஆனால் அட்டவணையில் அல்ல, கட்டுரையில்.

யாசூ, 1862 ஜூலை 15, வேறு விதம். காரொண்டலெட், டைலர், குவீன் ஆஃப் த வெஸ்ட் மூன்றும் ஆற்றுக்குள் போக, எதிரே ஆர்கன்சா என்ற தென் தரப்புக் கவசக் கப்பல் ஐசக் பிரவுனின் தலைமையில் கீழே வருகிறது. மூன்றும் திரும்பி ஓடிக்கொண்டே சண்டை போடுகின்றன. காரொண்டலெட்டின் சுக்கான் கயிறுகள் அறுந்து அது கரையில் போய் முட்டியது. டைலர் பின்பக்கப் பீரங்கியால் சுட்டுக்கொண்டே மிசிசிப்பி வரை ஓடியது. குவீன் ஆஃப் த வெஸ்ட் முன்னாலேயே போய்விட்டது, அதற்காக க்வின் தன் அறிக்கையில் அதைக் கடுமையாகச் சாடுகிறார். குவீன் எல்லெட்களின் மோதுகப்பல் படையைச் சேர்ந்தது என்பதை மறந்துவிடாதீர்கள், கோபத்தில் கொஞ்சம் துறைச் சண்டையும் கலந்திருக்கலாம்.

காரொண்டலெட் கொடியை இறக்கிச் சரணடைந்தது என்று பிரவுன் சொன்னார். அதன் கமாண்டர், நம் டைலரின் பழைய கேப்டன் ஹென்றி வாக், இல்லவே இல்லை என்றார். போர் முடிந்து வெகுகாலம் ஆகியும் இந்தத் தகராறு ஓயவில்லை. நீங்கள் நீதிபதியாக உட்கார வேண்டிய அவசியம் இல்லை. இருவர் சொன்னதையும், எப்போது சொன்னார்கள் என்பதையும், அதே காலையில் டைலரிலிருந்து பார்த்தவர் என்ன எழுதினார், எழுதாமல் விட்டார் என்பதையும் அடுத்தடுத்து வையுங்கள். டைலரின் தளத்தில் அன்றைக்கு 4ஆவது விஸ்கான்சின் காலாட்படையின் குறிபார்த்துச் சுடும் வீரர்களும் இருந்தார்கள், ஆகவே அந்தப் படைப்பிரிவின் காகிதங்களும் உங்கள் கப்பலின் காகிதங்கள்தான். இங்கேயும் அடியின் பலன் எதிராளியிடம்தான் தெரிகிறது: ஆர்கன்சாவின் புகைபோக்கியும் அதன் அடி இணைப்புகளும் சிதைந்து, கொதிகலனில் நீராவி அழுத்தம் படுத்துவிட்டது, எஞ்சின் அறையில் நிற்க முடியாத சூடு என்று அதன் ஆட்கள் எழுதிவைத்தார்கள். க்வினுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

ஆறு இடம் மாறிவிட்டது

இன்றைய வரைபடத்தில் பழைய சண்டையைக் குறிக்காதீர்கள். விக்ஸ்பர்க் எதிரே மிசிசிப்பி 1876இல் வளைவை அறுத்துக்கொண்டு வேறு வழியில் போய்விட்டது. டென்னசி ஆற்றில் மசுல் ஷோல்ஸ் பாறைத் தொடர் அணைக்கு அடியில். 1860களின் கடற்கரை அளவீட்டுத் துறை வரைபடங்களும், போர்க்காலப் பொறியாளர் வரைபடங்களும் ஸ்கேன் ஆகிக் கிடைக்கின்றன, அவற்றில் குறியுங்கள். கூடவே அந்த மாதத்தில் தண்ணீர் மட்டம் ஏறியதா இறங்கியதா என்று கடிதங்களில் வரும் வரிகளைச் சேருங்கள். ஒரு கப்பல் ஏன் மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றது என்பதற்குத் தளபதியின் தயக்கத்தைக் காரணம் சொல்லும் முன்னால் ஆற்றில் தண்ணீர் இருந்ததா என்று பாருங்கள்.

ஆட்கள்

கப்பல் ஆட்களின் பெயர்ப்பட்டியலும் ரெக்கார்டு குரூப் 24தான், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுப்பார்கள். எங்கே சேர்ந்தார், என்ன பதவி என்றெல்லாம் இருக்கும். ஆற்றுப் படகுகளில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து சேர்ந்த கறுப்பின மாலுமிகள் நிறைய. 1861 செப்டம்பரிலேயே வெல்ஸ் அவர்களைச் சேர்க்க அனுமதி கொடுத்தார், ஆனால் முதலில் "பாய்" என்ற கடைசிப் பதவியில்தான். போர் முழுக்கக் கடற்படையில் இருந்த கறுப்பின மாலுமிகள் சுமார் 18,000 பேரை ஆய்வாளர்கள் பெயரோடு அடையாளம் கண்டிருக்கிறார்கள், தேசியப் பூங்காத் துறையின் இணையத் தரவுத்தளத்தில் கப்பல் பெயரை வைத்தே தேடலாம். இறந்தவர் எண்ணிக்கையை அறிக்கையில் இருந்து மட்டும் எடுக்காதீர்கள், காயத்தால் பிறகு இறந்தவர்கள் அடுத்த காலாண்டுப் பட்டியலில்தான் தெரிவார்கள். ஓய்வூதிய விண்ணப்பங்கள் ரெக்கார்டு குரூப் 15இல். அவற்றில் கூட இருந்தவர்கள் சாட்சி சொல்லியிருப்பார்கள், லாக் புத்தகத்தில் வராத விஷயங்கள் அங்கே வரும்.

எழுதும்போது

ஹெலினாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1863 ஜூலை 4, ஆர்கன்சா மாநிலத்தில் தென் தரப்பு ஜெனரல் ஹோம்ஸின் படை விடிகாலையில் தாக்குகிறது, ஜெனரல் பிரென்டிஸின் காவற்படைக்குத் துணையாக ஆற்றில் டைலர் மட்டும். பிரிட்செட் கப்பலை இடம் மாற்றி மாற்றிப் பள்ளத்தாக்குகளுக்குள் சுட்டது எதிரியின் தோல்விக்குப் பெரிதும் உதவியது என்று பிரென்டிஸே ஒப்புக்கொண்டார். டைலரின் மிகப் பெரிய நாள் என்றால் என் கணக்கில் அதுதான். அதே நாளில் விக்ஸ்பர்க் சரணடைந்தது, முந்தின நாள்தான் கெட்டிஸ்பர்க் முடிந்திருந்தது, பத்திரிகைகளில் ஹெலினாவுக்கு இடமில்லை. பத்திரிகையில் எவ்வளவு வந்தது என்பதை வைத்து ஒரு நாளின் முக்கியத்துவத்தை எடைபோட்டால் இது விழுந்துபோகும். அட்டவணை உங்களிடம் இருந்தால் விழாது.

மறுபக்கம், 1864 ஜூனில் வெள்ளை ஆற்றின் கிளாரெண்டனில் குவீன் சிட்டி என்ற வட தரப்புப் படகைத் தென் தரப்பு ஷெல்பியின் குதிரைப்படை பிடித்துவிட, பேச் டைலரோடு நாம்கெக், ஃபான் என்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டார். இதைப் பெரும்பாலான குறிப்புகள் ஒரே வரியில் முடித்துவிடும். உங்களிடம் மூன்று கப்பல்களின் காகிதமும் இருந்தால் மூன்று பக்கம் எழுதலாம், தயங்க வேண்டாம்.

காலியாக மிஞ்சிய வரிகளை "ரோந்துப் பணியில் ஈடுபட்டது" என்று பூசி மெழுகாதீர்கள். காலியென்றால் காலி. கட்டுரையை வெளியிடும்போது அட்டவணையையும் அப்படியே கூடப் போடுங்கள், எந்தக் காகிதம் என்ற கட்டத்தோடு. லெக்சிங்டனைத் தேடுகிறவருக்கு உங்கள் வரிகளில் பாதி நேரடியாக உதவும், விஸ்கான்சினில் யாராவது ஒருவரிடம் அந்தக் காலி வாரத்துக்கான சிப்பாய்க் கடிதம் ஒன்று இருக்கவும் கூடும், எந்த வாரம் காலி என்று அவருக்குத் தெரிந்தால்தானே அனுப்புவார்.